18 தெரஸ் வீடு: பாத்ரூம் பைப், காற்றோட்டம், வயரிங் எல்லாம் ஃபேக்டரியிலேயே முடித்துக் கொண்டுவரலாமா?

செகாம்புட்_சைட்

வணக்கம். கோலாலம்பூர் செகாம்புட் பக்கம் மூன்று மாடி தெரஸ் வீடு 18. இரண்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது. ஒவ்வொன்றும் 22க்கு 75 அடி. சுவரும் சிலாப்பும் அலுமினியம் ஃபார்ம்வொர்க்கில் ஒரே வார்ப்பாகப் போகிறது. வீட்டுக்கு நாலு பாத்ரூம், மொத்தம் 72. திட்ட மதிப்பு 50 மில்லியன் வெள்ளிக்குக் கீழே இருப்பதால் ஐபிஎஸ் (ஃபேக்டரியில் செய்து சைட்டில் மாட்டும் கட்டுமான முறை) புள்ளிக் கட்டாயம் இல்லை. ஆனால் நல்ல பிளம்பரும் வயர்மேனும் கிடைப்பது பெரும் பாடாக இருக்கிறது. அதனால் எம் அண்ட் இ (மெக்கானிக்கல், மின்சாரம்) வேலையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் வெளியே செய்து லோரியில் கொண்டுவந்து மாட்டலாமா என்று முதலாளி கேட்கிறார்.

கேட்க வேண்டியவை: முழு பாத்ரூம் பாட் (எல்லாம் முடித்து ஒரே பெட்டியாக வரும் பாத்ரூம்) எடுப்பது நல்லதா, அல்லது பைப்பை மட்டும் ஸ்பூலாக (முன்பே வெட்டி இணைத்த துண்டாக) செய்து வாங்குவது நல்லதா? புகைமூட்டக் காலத்துக்காக வீடு முழுவதற்கும் வடிகட்டிய புதுக்காற்று வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கன்சல்டன்ட் ஐரோப்பிய மாடல் வெப்பமீட்புப் பெட்டி ஒன்றைக் காட்டினார். அது நம் ஊருக்கு ஒத்துவருமா? ஃபேக்டரியில் மூடி வரும் வேலைக்கு சிசிசி (வீடு கட்டி முடிந்து குடியேறலாம் என்ற சான்று) பாரத்தில் யார் கையெழுத்துப் போடுவது? எங்கே எங்கே கோளாறு வரும்?

வார்ப்பு தொடங்க இன்னும் காலம் இருக்கிறது. பாத்ரூம் வரைபடம் மாற்றலாம்.

குழாய்க்காரர்

தம்பி, பாட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் வேலைக்கு அது வேண்டாம். விலையை விடுங்கள், உள்ளே போக வழியே இல்லை. அலுமினியம் ஃபார்ம்வொர்க்கில் சுவரும் மேல் சிலாப்பும் சேர்ந்தே வார்க்கப்படுகின்றன. பாட்டைக் கிரேனில் இறக்க வேண்டுமானால் மேல் சிலாப் வருவதற்கு முன் இறக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த இடம் பூராவும் பலகையும் முட்டுமாக நிற்கும். பிறகு பக்கவாட்டில் தள்ளலாம் என்றால் தெரஸ் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பொதுச்சுவர். முன்னாலும் பின்னாலும்தான் திறப்பு. நடுவில் இருக்கும் பாத்ரூமுக்கு 1.5க்கு 2.4 மீட்டர் பெட்டியை எந்த ஜன்னல் வழியாக நுழைப்பீர்கள்? பாட்டுக்குச் சொந்தத் தரை வேறு உண்டு. வெளித்தரைக்குச் சமமாக வர வேண்டுமானால் சிலாப்பை 100 மிமீ அளவுக்கு இறக்கி வார்க்க வேண்டும். ஒரே மாதிரி பாத்ரூம் நூற்றுக்கணக்கில் அடுக்கி வரும் ஹோட்டல், மாணவர் விடுதி, காண்டோ மாதிரி கட்டடங்களில் பாட் நன்றாக வேலை செய்யும். 72 பாத்ரூம், அதிலும் நாலு வகை என்றால் ஃபேக்டரிக்காரருக்கு அச்சுச் செலவே கட்டுப்படியாகாது.

உங்களுக்குப் பொருந்துவது சுவர்ச்சட்டம். பாத்ரூமில் கமோடு, பேசின், ஷவர் மூன்றையும் ஒரே சுவரில் வரிசையாக வைத்து, அந்தச் சுவருக்கு முன்னால் துத்தநாகம் பூசிய மெல்லிரும்பு சி-செக்‌ஷனில் ஒரு சட்டம். உயரம் 2.3 மீட்டர், அகலம் 1.5 மீட்டர் வரை, ஆழம் 150 மிமீ. ஆழத்தில் கை வைக்காதீர்கள். 100 மிமீ யூபிவிசி பைப்பின் வெளிவிட்டம் 110 வரும், அதோடு கிளாம்பும் சேர்ந்தால் 140 போய்விடும். சட்டத்துக்குள் குளிர்நீர், சுடுநீர் பைப், ஒவ்வொரு கிளைக்கும் அடைப்பு வால்வு, பேசின் வேஸ்ட், ஹீட்டருக்கு மின்பெட்டி, கமோடுக்கு டபிள்யூசி பென்ட், எல்லாம் ஃபேக்டரியில் மாட்டிச் சோதித்து வரும். போர்டு அடிக்காமல் வந்தால் இரண்டு பேர் தூக்கி மாடிப்படியில் ஏற்றிவிடலாம். கிரேன் தேவையில்லை. இந்த முறையின் பெரிய லாபமே இதுதான்.

வரைபடம் மாற்றலாம் என்று சொன்னீர்களே, அதை இப்போதே செய்யுங்கள். நாலு வகை பாத்ரூமை இரண்டாகக் குறையுங்கள். மேல்மாடி பாத்ரூம் கீழ்மாடி பாத்ரூமுக்கு நேர் மேலே வரட்டும். காரணம் தெரஸ் வீட்டின் கண்ணாடிப் பிம்பக் கணக்கு. அடுத்தடுத்த வீடு இடமும் வலமுமாக மாறும். நாலு வகை என்றால் எட்டு வரைபடம், இரண்டு வகை என்றால் நாலு. சட்டம் தப்பான வீட்டுக்குப் போவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் கோளாறு. இடச்சட்டத்தைத் திருப்பி வைத்து வலமாக்க முடியாது, வால்வெல்லாம் சுவரைப் பார்த்து நிற்கும். சட்டத்தின் மேல் பட்டையில் வீட்டு எண், மாடி, இடமா வலமா மூன்றையும் பெயின்டில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் மழையில் போய்விடும். இடத்துக்கு ஒரு நிறம், வலத்துக்கு ஒரு நிறம் என்று வைத்தால் லோரியில் ஏற்றுகிறவர் படிக்கக்கூட வேண்டாம்.

அடுத்தது சிலாப் துளை. சட்டம் சரியாக வந்து துளை 30 மிமீ நகர்ந்திருந்தால் ஃபேக்டரி வேலை முழுக்க வீண். வார்த்த பிறகு கோரிங் போட்டுத் துளைத்தால் கம்பி வெட்டுப்படும், நீர்க்காப்பும் கெடும். ஒவ்வொரு பாத்ரூம் வகைக்கும் ஒரு இரும்புத் தகடு டெம்ப்ளேட் செய்து, அதில் டபிள்யூசி, ஃப்ளோர் டிராப் (தரை வடிகால்), ஸ்டாக் (செங்குத்துக் கழிவுக்குழாய்) மூன்றுக்கும் துளை வெட்டி, கிரிட் கோட்டிலிருந்து அளந்து டெக் பலகையில் போல்ட் போடுங்கள். ஸ்டாக்குக்கு 150 மிமீ ஸ்லீவ் விட்டால் கொஞ்சம் நகர்த்த இடம் கிடைக்கும். ஃப்ளோர் டிராப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. அதை நீர்த்தடுப்பு வளையத்தோடு சேர்த்தே வார்த்துவிடுவது நல்லது. டெம்ப்ளேட் அளவையும் சட்டத்தின் அளவையும் ஒரே வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டும். ஃபேக்டரி ஒரு படம், சைட் ஒரு படம் என்று வைத்திருந்தால் நிச்சயம் இடிக்கும்.

நீர்க்காப்பு முதலில், சட்டம் பிறகு. சட்டத்தின் காலைத் தரையில் போல்ட் போட்டால் மெம்பிரேனில் (நீர்க்காப்புப் படலத்தில்) நாலு ஓட்டை. தரையிலிருந்து 300 மிமீக்கு மேலே சுவரில் மட்டும் மாட்டுங்கள், கால் ரப்பர் கட்டையில் உட்காரட்டும். மெம்பிரேன் போட்டதும் 24 மணி நேரமாவது தண்ணீர் கட்டிப் பார்த்து, கீழ் சிலிங் காய்ந்திருந்தால்தான் சட்டம் உள்ளே வர வேண்டும்.

பைப்புக்கு ஸ்பான் (தேசிய தண்ணீர் சேவை ஆணையம்) பதிவு பெற்ற பொருள்தான். ஃபேக்டரி வெளியூரில் இருந்தாலும் விதி மாறாது, டெலிவரியோடு அந்தச் சான்று நகலும் வர வேண்டும். பிபிஆர் பிளாஸ்டிக் பைப் போட்டால் சுடுநீர்ப் பக்கம் விரிவை மறக்காதீர்கள். சாதாரண பிபிஆர் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.15 மிமீ நீளும். 3 மீட்டர் ரைசர் (மேலேறும் பைப்) 30 டிகிரியிலிருந்து 60க்குப் போனால் 13 மிமீக்கு மேல் நகரும். ஃபேக்டரியில் இரண்டு முனையையும் இறுக்கக் கட்டி அனுப்பினால் எல்போவில்தான் அழுத்தம் விழும். ஃபைபர் கலந்த வகை இதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும்.

சோதனை இரண்டு முறை. ஃபேக்டரியில் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் ஒன்று, லோரி குலுக்கலுக்குப் பிறகு சைட்டில் மாட்டியதும் இன்னொன்று. இரண்டாவதை முடித்ததும் தண்ணீரை இறக்கிவிடாதீர்கள். 5 பாரில் கேஜ் மாட்டி அப்படியே விட்டுவிட்டு போர்டு அடிக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூ பைப்பில் இறங்கினால் அந்த நிமிடமே முள் விழும். டைல் ஒட்டிய பிறகு தெரிவதற்கும் இதற்கும் செலவு வித்தியாசம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: யூபிவிசி பைப்பைக் கம்ப்ரசர் காற்றால் சோதிக்காதீர்கள். உடைந்தால் சில்லாகத் தெறிக்கும். தண்ணீர் மட்டும்தான்.

வடக்குக்_காற்று

பினாங்கிலிருந்து. காற்று விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கட்டட விதி என்ன கேட்கிறது என்று பாருங்கள். யூபிபிஎல் (மலேசியக் கட்டடத் துணைவிதிகள்) 39ஆம் துணைவிதிப்படி குடியிருக்கும் அறைக்கு ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, தடையில்லாமல் காற்று போகும் திறப்பு 5 விழுக்காடு. 12 சதுர மீட்டர் அறைக்கு 1.2 சதுர மீட்டர் ஜன்னல், அதில் 0.6 திறக்க வேண்டும். பாத்ரூமுக்கு 0.2 சதுர மீட்டர் திறப்பு. இதைக் கட்டடக்கலைஞர் கொடுத்துவிட்டால் அந்த அறைக்கு மெஷின் தேவையே இல்லை. ஜன்னலில் முடிகிற வேலைக்கு டக்ட் ஓட்டுவது வீண் செலவு. நடுவில் மாட்டிக்கொண்ட ஜன்னல் இல்லாத பாத்ரூம்தான் உங்கள் கணக்கு.

அதற்கு மணிக்கு 10 முறை காற்று மாற்றம் என்று வைத்தால், 1.5 × 2.4 × 2.4 மீட்டர் அறைக்கு மணிக்கு 86 கன மீட்டர், அதாவது வினாடிக்கு 24 லிட்டர். 100 மிமீ பைப்பில் இது வினாடிக்கு 3 மீட்டர் வேகம். சத்தம் இருக்காது. கதவுக்கு அடியில் 10 மிமீ இடைவெளிதான் விட்டால் அங்கே காற்று 3.4 மீட்டர் வேகத்தில் விசில் அடித்து, ஃபேனும் திணறும். 700 மிமீ கதவுக்கு 20 மிமீ விடுங்கள். ஃபேனை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கதவில் வந்து முடியும் புகார்கள் நிறைய.

ஃபேக்டரியில் செய்ய வேண்டியது ஃபேன் தட்டு. இன்லைன் ஃபேன், பின்னோக்குத் தடுப்பு டேம்பர், ஐசொலேட்டர், இரண்டு பக்கமும் ரப்பர் இணைப்பு, எல்லாம் 600க்கு 900 மிமீ இரும்புத் தட்டில் மாட்டி, நாலு எம்8 ராடில் தொங்கவிடுவது. கீழே 600க்கு 600 ஆக்சஸ் பேனல். டக்டை யூபிவிசி ஸ்பூலாக 2 மீட்டருக்கு மிகாமல் வெட்டிக் கொண்டுவாருங்கள். மாடிப்படித் திருப்பத்தில் அதற்கு மேல் திரும்பாது. வெளிமுனைப் பக்கம் 100க்கு 1 சரிவு. கூரைக்குள் ஊதிவிட்டு நிறுத்தாதீர்கள், ஈரம் அங்கேயே தங்கி ஜிப்சம் கறுக்கும். வெளி லூவருக்குள் கொசுவலை போட்டால் தூசும் பஞ்சும் அடைத்து ஃபேன் சும்மா சுற்றும். பூச்சி வேண்டாமென்றால் பெரிய கண் வலை, அதுவும் கழற்றித் துடைக்கக்கூடிய இடத்தில்.

டேம்பர் ஏன் முக்கியம் என்றால் உங்கள் கிச்சன் ஹூட். நம் சமையலுக்கு மணிக்கு 1,200 கன மீட்டர் ஹூட் சர்வ சாதாரணம். அதை 150 மிமீ டக்டில் அடைத்தால் வினாடிக்கு 19 மீட்டர், வீடே இரையும். 200 மிமீ போட்டால் பத்தரை. அந்த அளவு காற்று வெளியே போனால் எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். ஏர்கோனுக்காக ஜன்னலெல்லாம் மூடியிருந்தால் பாத்ரூம் டக்ட் வழியே தலைகீழாக இழுக்கும். வறண்டு போன ஃப்ளோர் டிராப் இருந்தால் சாக்கடை வாசனையும் கூடவே வரும். வெட் கிச்சனில் ஒரு நிரந்தரக் காற்றுத் திறப்பு வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது அந்த ஐரோப்பியப் பெட்டி. அங்கே குளிர்காலத்தில் வெளியேறும் சூட்டை மீட்பதற்குச் செய்தது. வெளியே பூஜ்யமும் உள்ளே 20ம் இருந்தால் லாபம் பெரிது. இங்கே எம்எஸ் 1525 (மலேசிய எரிசக்தித் தரம்) சொல்லும் வெளிக்காற்று 33.3 டிகிரி, ஈரக்குமிழ் 27.2. உள்ளே 25 என்றால் வித்தியாசம் எட்டே டிகிரி. நம் எதிரி சூடு இல்லை, ஈரம். ஐந்து பேர் வீட்டுக்கு வினாடிக்கு 30 லிட்டர் புதுக்காற்று என்று வையுங்கள். சூட்டுக்குச் சுமார் 300 வாட், ஈரத்துக்கு 750 வாட்டுக்கு மேல் ஏர்கோன் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்தக் காற்றோடு மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. ஓயாமல் ஓடினால் நாளைக்கு ஒரு பெரிய வாளி நிரம்பிவிடும். வெறும் வெப்பமீட்புத் தகடு இந்த ஈரத்தைத் தொடவே தொடாது. எடுத்தால் ஈரத்தையும் மாற்றும் என்தால்பி கோர் உள்ள ஈஆர்வி எடுங்கள். உறைபனித் தடுப்பு ஹீட்டர் விலையில் சேர்ந்திருந்தால் கழற்றச் சொல்லுங்கள், கோலாலம்பூரில் அதற்கு என்ன வேலை? ஜன்னல் திறந்தே வாழும் குடும்பத்துக்கு ஈஆர்வியால் ஒரு லாபமும் இல்லை. பெட்ரூமில் ஏர்கோன் ஓடும் நேரத்துக்கும் புகைமூட்ட மாதங்களுக்கும்தான் அது.

என் கருத்து: 18 வீட்டுக்கும் முழு வீட்டு சிஸ்டம் போடாதீர்கள். மேல்மாடி சிலிங்கில் ஒரு ஈஆர்விக்கு இடம், மின்புள்ளி, வடிகால், பெட்ரூம்களுக்கு 100 மிமீ டக்ட் வழி, இவ்வளவும் தயாராக விடுங்கள். வேண்டியவர் பெட்டியை வாங்கி மாட்டிக்கொள்ளட்டும்.

டக்ட் வியர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன வெளிக்காற்றின் பனிநிலை (ஈரம் நீராக மாறும் வெப்பநிலை) 25 டிகிரிக்கு அருகே. அதற்குக் குறைந்த எந்தப் பரப்பும் கூரைக்குள் வியர்க்கும். ஈஆர்வி உள்ளே தரும் காற்று 27, 28 டிகிரியில் இருக்கும், அது வியர்க்காது. ஏர்கோன் அறையிலிருந்து வெளியே இழுக்கும் டக்ட் 24, 25ல் வரும், அதற்கு மெல்லிய உறை போதும். டக்டட் ஏர்கோன் இருந்தால் 13 டிகிரிக் காற்று, அதற்கு மூடிய நுண்ணறை கொண்ட நைட்ரைல் ஃபோம் 25 மிமீ. ஃபேக்டரி ஸ்பூலில் கோளாறு எங்கே என்றால் மூட்டில். இணைக்க வசதியாக உறையை முனைக்கு 50 மிமீ முன்னால் நிறுத்தி அனுப்புவார்கள். அந்த இடைவெளிக்கான உறைத்துண்டு தனிப்பையில் வரும். பை ஸ்டோரில் கிடக்கும், மூட்டு வெறுமையாக இருக்கும். வீடு ஒப்படைத்த பிறகு சிலிங்கில் 2 மீட்டருக்கு ஒன்றாக மஞ்சள் வட்டம் வரும். உறைத்துண்டை ஸ்பூலோடு டேப்பில் ஒட்டியே அனுப்பச் சொல்லுங்கள். தொங்கும் இடத்தில் கிளாம்ப் ஃபோமை நசுக்காமல் கெட்டி பியூ ஃபோம் கட்டை வைக்க வேண்டும்.

செகாம்புட்_சைட்

குழாய்க்காரர் அண்ணே, வடக்குக்_காற்று சார், நன்றி. பாத்ரூமை இரண்டு வகையாகக் குறைப்பது பற்றிக் கட்டடக்கலைஞரிடம் பேசிவிட்டேன், முடியும் என்கிறார். ஏர்கோன் செம்புக் குழாயையும் சுவருக்குள் வைத்தே வார்த்துவிடலாமா? சுவர் 100 மிமீ. வயரிங்கை ரெடிமேட் ஹார்னஸாக (முனையில் இணைப்பான் மாட்டிய கேபிள் கட்டாக) வாங்கலாம் என்று ஒரு சப்ளையர் சொல்கிறார், அதுவும் எப்படி?

வயர்மேன்_கிள்ளான்

செம்பை 100 மிமீ சுவரில் வார்க்காதீர்கள் தம்பி. இரண்டு வலை கம்பி போக மிச்சம் இடமே இல்லை. உறையோடு இரண்டு குழாய் நுழைத்தால் கான்கிரீட் அங்கே தேன்கூடுபோல் ஓட்டையாக நிற்கும். அதோடு வீடு வாங்குகிறவர் எந்த ஏர்கோன் வாங்குவார் என்று உங்களுக்குத் தெரியாது. 1 குதிரைசக்திக்கு பெரும்பாலும் 6.35, 9.52 ஜோடி. 2, 2.5 குதிரைசக்திக்குப் போனால் கேஸ் குழாய் 12.7 அல்லது 15.88. புதைத்த குழாய் அளவு ஒத்துவராவிட்டால் அவர் வெளியே டிரங்கிங் (மூடிய பட்டை) ஓட்டுவார், நீங்கள் புதைத்தது சுவருக்குள் செத்துக் கிடக்கும். சுவர்ச்சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ரைசர் அலமாரி விட்டு, அங்கிருந்து ஒவ்வொரு பெட்ரூமுக்கும் 100 மிமீ வெற்றுப் பைப், நீள வளைவு எல்போவோடு போடுங்கள். உறைபோட்ட ஜோடி, வடிகால், நாலு கோர் கேபிள் எல்லாம் அதில் போகும். வடிகாலுக்கு 25 மிமீ, 100க்கு 1 சரிவு, முடிவு ஃப்ளோர் டிராப்பில். ஸ்டாக்கில் நேரே சொருகினால் அறைக்குள் நாறும்.

இல்லை, செம்பு இப்போதே போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் குழாய்த் தகட்டின் கனம் 0.8 மிமீ எடுங்கள். ஆர்32 ஏர்கோன் வாயுவின் அழுத்தத்துக்கு மெல்லிய 0.61ஐ நம்பாதீர்கள். நடுவில் ஒரு பிரேசிங் மூட்டும் இல்லாமல் முழுச்சுருளாக ஓட்டி, இரண்டு முனையையும் அடைத்து, நைட்ரஜன் 2 பார் ஏற்றிக் கேஜ் விடுங்கள்.

வயரிங் ஹார்னஸ்: இணைப்பான் மூட்டெல்லாம் எப்போதும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சிலிங் உள்ள காண்டோ காரிடாரில் அழகாக வேலை செய்யும். உங்கள் வீட்டில் கீழ் இரண்டு மாடிக்கு சிலாப்பின் அடிப்பக்கம் நேரே பூச்சுதான் என்றால் மூட்டை எங்கே ஒளிப்பீர்கள்? ஆகவே ஹார்னஸை விட்டுவிட்டு கான்டியூட் (வயர் போகும் குழாய்) செட் எடுங்கள். ஒவ்வொரு சுவர்ப் பலகைக்கும் வளைத்து வெட்டிய கான்டியூட், பெட்டியோடு, ஒரு கட்டாக ஃபேக்டரியிலிருந்து வரட்டும். சைட்டில் கம்பி கட்டி முடித்ததும் அதை மாட்டுவது அரை மணி வேலை.

பெட்டியைக் கம்பியோடு கட்டினால் கான்கிரீட் இறங்கும்போது 20, 30 மிமீ உள்ளே ஓடிவிடும். அச்சுப் பலகையின் முகத்தோடு போல்டில் பிடிக்க வேண்டும். பெட்டிக்குள் ஃபோம் அடைத்து டேப் சுற்றுங்கள். இல்லாவிட்டால் சிமெண்டுப் பால் கான்டியூட்டுக்குள் இறங்கி கல்லாகும், பிறகு ஹேக்கிங் (சுவரை உடைப்பது) தவிர வழியில்லை. டிபி (மின் பகிர்வுப் பெட்டி) இருக்கும் சுவரில் இருபது கான்டியூட் ஒட்டி ஒட்டி ஏறினால் அங்கே சுவரே இல்லை என்று அர்த்தம். டிபிக்கு மேலே ஒரு செவ்வகப் பள்ளம் விட்டு டிரங்கிங்கில் கொண்டுவாருங்கள். அச்சு கழற்றிய அன்றே ஒவ்வொரு கான்டியூட்டிலும் இழுகம்பி விட்டுப் பாருங்கள், பார்த்ததும் முனையை மூடிவிடுங்கள். குளவி மண் வைத்து அடைத்தாலும் சிமெண்டு அடைத்தாலும் வேலை ஒன்றுதான்.

டிபியை ஃபேக்டரியில் பூட்டி வாங்குவது நல்ல காரியம். ஷவர் ஹீட்டருக்குத் தனி ஆர்சிசிபி (மின்கசிவு முறிப்பான்) 10 மில்லியாம்ப், பிளக் பாயிண்டுக்கு 30, ஒவ்வொரு சுற்றுக்கும் லேபிள். ஆனால் ஃபேக்டரி டெஸ்ட் ரிப்போர்ட் சைட் டெஸ்டுக்கு ஈடாகாது. இன்சுலேஷன் 500 வோல்ட் டிசியில் 1 மெகோமுக்குக் குறையக்கூடாது. எர்த் தொடர்ச்சி, ஆர்சிசிபி டிரிப் நேரம், எல்லாம் வீட்டில் வைத்துத்தான். பாரம் ஜி, பாரம் எச் இரண்டிலும் கையெழுத்துப் போடுவது சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவான தகுதியாளர். அவர் கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது.

சிசிசி பாரங்களோடு இந்த பாரம் ஜியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே உள்பைப் ஜி5, உள் கழிவுநீர் ஜி6, உள் மின்சாரம் ஜி7, மெக்கானிக்கல் காற்றோட்டம் ஜி10. ஃபேக்டரிக்காரர் இந்தப் பாரங்களில் வரவே மாட்டார். சைட்டில் இணைக்கும் காண்ட்ராக்டரும் மேற்பார்வை செய்யும் நிபுணரும்தான் பொறுப்பு. அதனால் உங்கள் பிளம்பரையும் வயர்மேனையும் முதல் சட்டம் ஃபேக்டரியில் மூடும் முன் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சட்டம் ஒவ்வொன்றும் போர்டு அடிக்கும் முன் நேரே எடுத்த போட்டோ, பக்கத்தில் அளவுப் பட்டையோடு, வீட்டு எண் தெரிய.

கணக்கர்_பிரிக்பீல்ட்ஸ்

எல்லாரும் தொழில்நுட்பம் சொல்லிவிட்டார்கள், காசு வரும் வழியை யாரும் தொடவில்லை. அட்டவணை ஜி (வீடு விற்பனை) ஒப்பந்தத்தில் வயரிங்கும் பைப்பும் கூரையோடு சேர்ந்து ஒரே கட்டம், 10 விழுக்காடு. வாங்குகிறவரிடம் அதைக் கேட்க வேண்டுமானால் அந்தக் கட்டம் அந்த வீட்டில் முடிந்திருக்க வேண்டும். ஃபேக்டரியோ ஆர்டருக்கு முன்பணமும், அனுப்பும்போது மிச்சமும் கேட்கும். 72 சட்டத்துக்கும் ஒரே ஆர்டர் போட்டு ஒரே மாதத்தில் இறக்கினால், கூரை ஏறும் வரை அத்தனை பணமும் உங்கள் கையில் இல்லாமல் ஸ்டோரில் நிற்கும். வரிசைக்கு வரிசை பிரித்து இறக்குங்கள்.

மெயின் காண்ட்ராக்டர் ஃபேக்டரியில் இருக்கும் பொருளுக்குப் பணம் கேட்டால், சொந்தம் உங்களுக்கு மாறியது என்ற கடிதம், காப்புறுதி, தனியாக அடுக்கி எண் எழுதிய போட்டோ, மூன்றும் இல்லாமல் கொடுக்காதீர்கள். ஃபேக்டரி மூடப்பட்டால் உள்ளே இருக்கும் சட்டம் யாருடையது என்று கோர்ட்டில் நிற்க வேண்டி வரும்.

குறைநீக்கக் காலம் சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம். ஃபேக்டரி உத்தரவாதம் பொதுவாக டெலிவரி நாளிலிருந்து எழுதப்பட்டிருக்கும். முதல் வரிசைச் சட்டம் வந்ததற்கும் சாவி கொடுப்பதற்கும் இடையில் போகும் மாதங்கள் அத்தனையும் உங்கள் தலையில். உத்தரவாதம் சாவி நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். உதிரி வால்வு, கார்ட்ரிட்ஜ், ஃபேன் மோட்டார் வகைக்குக் குறைந்தது இரண்டு சேர்த்து வாங்கி வையுங்கள்.

ஐபிஎஸ் புள்ளிக்கு ஆசைப்பட்டு இதைச் செய்யாதீர்கள். 100ல் 50 கட்டமைப்புக்கு, 20 சுவருக்கு, மீதி 30தான் மற்ற எளிமையாக்க முறைகளுக்கு. சுவர்ச்சட்டத்தால் கணக்கு பெரிதாக நகராது.

லோரி பற்றி: சட்டத்தைப் படுக்கப் போட்டு அடுக்கினால் கீழே இருப்பது முறுக்கிக்கொள்ளும். ஏ வடிவத் தாங்கியில் நிற்க வைத்து, இறக்கும் வரிசைக்கு நேர்மாறாக ஏற்ற வேண்டும். நகருக்குள் காலை மாலை நெரிசல் நேரத்தில் கனரக லோரிக்குத் தடை இருப்பதால் பகல் நடுவில் இறக்கத் திட்டமிடுங்கள். அந்த நேரத்தில்தான் மழையும் வரும் என்பது வேறு கதை, தார்ப்பாய் வையுங்கள். சிமெண்டு போர்டு அடித்தே வருவதானால் விளிம்பு நனைந்தால் டைல் பிடிக்காது.

வடக்குக்_காற்று

கணக்கர் ஐயா சொன்னதோடு ஒன்று. பினாங்கில் ஃபேக்டரி பெரும்பாலும் பெருநிலத்தில், பத்து காவான், புக்கிட் மிஞ்ஞாக் பக்கம். தீவுக்குள் சைட் என்றால் பாலம் ஏறி, ஆயர் ஈத்தாம் மாதிரி குறுகலான மேட்டுச் சாலையில் திரும்ப வேண்டும். அங்கே பெரிய மாட்யூலைவிட இரண்டு பேர் தூக்கும் சட்டமே வெல்கிறது. உங்களுக்கும் அதே நியாயம்தான், தெரஸ் வீட்டுக்கு உள்ளே போகும் கதவு 900 மிமீ. சட்டத்தை 1.5 மீட்டர் அகலத்தில் செய்தால் படுக்க வைத்துத்தான் நுழைக்க வேண்டும், மாடிப்படித் திருப்பத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். இடிக்கும் என்று தெரிந்தால் 750, 750 என இரண்டாகப் பிரித்து நடுவில் யூனியன் மூட்டு போடச் சொல்லலாம். அந்த மூட்டுக்கு எதிரே ஆக்சஸ் பேனல் வர வேண்டும்.

செகாம்புட்_சைட்

மாடிப்படித் திருப்பம் அளந்தேன், சுத்த அகலம் 880. அப்படியானால் இரண்டு துண்டுதான். மாதிரி வீடு எதை எடுப்பது? மூலை வீட்டையா, நடு வீட்டையா?

குழாய்க்காரர்

நடு வீடு. மூலை வீட்டுக்குப் பக்கச்சுவரில் ஜன்னல் கிடைக்கும், அங்கே எல்லாம் சுலபமாகத் தெரியும். நடுவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டை எடுங்கள், ஒரு இடம், ஒரு வலம். துண்டுச் சட்டம் எட்டு ஜோடி வரும். துளை டெம்ப்ளேட்டை முதல் சிலாப்பிலேயே போட்டு, அச்சு கழற்றியதும் துளை நடுவை கிரிட்டிலிருந்து அளந்து எழுதி ஃபேக்டரிக்கு அனுப்புங்கள். 10 மிமீக்கு மேல் நகர்ந்தது ஒன்று இருந்தாலும் காரணம் தெரியும் வரை மிச்சச் சட்டத்துக்கு வெட்டு உத்தரவு கொடுக்க வேண்டாம். டைல் ஒட்டும் முன் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு மேல்மாடி ஷவரில் அழுத்தம் பாருங்கள், எல்லாக் கமோடையும் சேர்த்து ஃப்ளஷ் செய்து கீழ்மாடி ஃப்ளோர் டிராப்பில் தண்ணீர் குமிழ் விடுகிறதா என்று பாருங்கள். குமிழ் வந்தால் வென்ட் பைப்பில் கோளாறு, அதைச் சட்டத்துக்குள் மாற்ற அப்போதுதான் நேரம் இருக்கும்.